சிங்கப்பூரிலிருந்து வந்த மூன்று டப்பாக்களும் மரத்துப்போன விரல்களும்

கருவேப்பிலங்குறிச்சியில் 'பொம்மைக்காரம்மா' என்று கேட்டால்தான் அவர் வீட்டைக் காட்டுவார்கள். இருபது வருடங்களுக்கும் மேலாக விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் வேலை பார்த்தவர். காலையில் பஸ் ஏறினால், பொழுது சாய்ந்த பிறகுதான் வீடு. கொலு சீஸனில் பொம்மை, கார்த்திகைக்கு முன்னால் அகல் விளக்கு, மற்ற நாட்களில் வந்த ஆர்டர் எதுவோ அது.

பட்டறையில் அவர் பார்த்தது 'பிசிறு எடுக்கிற' வேலை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் களிமண் கரைசலை ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, மண் சுவர்போல உள்ளே ஒட்டி நிற்கும். மிச்சக் கரைசலைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரித்தால் பொம்மை வரும். ஆனால், அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு விழுந்திருக்கும். அதைச் சின்னக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்க வேண்டும். பார்க்கச் சுலபமாகத் தெரியும். சுடாத பொம்மை அப்பளம் மாதிரி. ஈரமாக இருந்தால் விரல் பதியும், காய்ந்திருந்தால் கையிலேயே உடையும். எவ்வளவு அழுத்திப் பிடிக்கலாம் என்பதைக் கண் சொல்லாது, விரல் நுனிதான் சொல்லும்.

அந்த விரல் நுனிதான் அவருக்குப் போனது.

52 வயதில் மார்பில் ஒரு கட்டி. புதுச்சேரிக்குப் போய்ப் பரிசோதித்ததில் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து, 'சிவப்பு மருந்து' என்று நோயாளிகள் சொல்லும் ஊசி நான்கு முறை. முடி கொட்டியது, வாந்தி வந்தது, வாய் புண்ணானது. எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டார். அடுத்து பாக்ளிடாக்சல் என்ற மருந்து, வாரம் ஒன்று வீதம் 12 வாரம். "இது அது மாதிரி படுத்தாதும்மா" என்று நர்ஸ் சொன்னது உண்மைதான். வாந்தி இல்லை. சாப்பிட முடிந்தது.

நாலாவது வாரத்தில் கால் விரல்களில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. அடுத்து கை விரல்கள். ஆறாவது வாரத்தில் ஜாக்கெட் கொக்கியைப் போட முடியவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் கொடுத்த சில்லறையில் ஐந்து ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒருநாள் கடைத்தெருவிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒரு காலில் செருப்பு இல்லை என்பதைக் கவனித்தார். எங்கே கழன்றது என்று காலுக்குத் தெரியவே இல்லை.

டாக்டரிடம் சொல்லவில்லை. வாராவாரம் "ஏதாவது தொந்தரவு இருக்காம்மா?" என்று கேட்டார்கள். வாராவாரம் "ஒண்ணுமில்ல சார்" என்றார். காரணம் பயம்தான். "சொன்னா ஊசிய நிறுத்திட்டாங்கன்னா? பாதி மருந்துல வுட்டா வியாதி திரும்ப வந்துடாதா?" என்று மருமகளிடம் பின்னால் சொல்லியிருக்கிறார். இந்தப் பயம் அவர் ஒருவருக்கு மட்டுமானது இல்லை. புற்றுநோய் வார்டில் காத்திருக்கும் வரிசையில் பாதிப் பேருக்காவது இருக்கும்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனிடம் மட்டும் வீடியோ காலில் சொன்னார். மகன் துடித்துப்போனான். இரவெல்லாம் போனில் தேடியிருக்கிறான். 'கீமோதெரபியால் நரம்பு பாதிக்கப்படுவதற்குக் காரணம் ஆக்சிஜனேற்ற அழுத்தம். அதற்கு ஆன்டிஆக்ஸிடன்ட் சாப்பிட்டால் போதும்' என்று ஒரு வீடியோ சொன்னது. ஊருக்கு வந்த நண்பனிடம் மூன்று டப்பாக்களைக் கொடுத்தனுப்பினான். ஒன்று ஆல்ஃபா லிப்போயிக் ஆசிட். ஒன்று வைட்டமின் ஈ. இன்னொன்று அசிட்டைல் எல்-கார்னிடின். அவன் ஒருவார சாப்பாட்டுக் காசு அதில் போயிருக்கும். அம்மாவுக்கு அது மாத்திரையாகத் தெரியவில்லை. பிள்ளை அனுப்பியது. கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். போதாததற்கு உள்ளூர் மெடிக்கலில் கேட்டு 'நரம்புச் சத்து' மாத்திரை ஒரு அட்டையும் சேர்ந்துகொண்டது.

மூன்று வாரம் இப்படியே போனது. சரியாகிவிடும் என்று நம்பியதால், டாக்டரிடம் சொல்வது இன்னும் தள்ளிப்போனது. அந்த மூன்று வாரமும் மருந்து முழு அளவில் ஏறிக்கொண்டிருந்தது.

பாக்ளிடாக்சல் உடம்பில் என்ன செய்கிறது என்று தெரிந்தால், விரல் ஏன் மரக்கிறது என்பதும் புரியும். கை, கால் விரல்களின் உணர்வைச் சுமக்கும் நரம்பு செல்களின் தலைமையிடம் முதுகுத்தண்டின் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து பாதம் வரை ஒரே செல்லின் வால் நீள்கிறது. கிட்டத்தட்ட ஒரு மீட்டர். நுனிக்குத் தேவையான சரக்கெல்லாம் அந்த நீளம் முழுக்கப் பயணம் செய்தாக வேண்டும். அதற்கு செல்லுக்குள் நுண்குழல்கள் தண்டவாளம்போல ஓடுகின்றன. விருத்தாசலம் ஜங்ஷனில் சரக்கு ரயில் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. புற்றுநோய் செல் இரண்டாகப் பிரியவும் இதே நுண்குழல்கள்தான் வேண்டும். பாக்ளிடாக்சல் அவற்றை அசையவிடாமல் இறுக்கிப் பிடிக்கிறது. புற்றுநோய் செல் பிரிய முடியாமல் சாகிறது. நரம்பு செல்லில் சரக்குப் போக்குவரத்து தடுமாறுகிறது. தூரத்து ஸ்டேஷன்தான் முதலில் பட்டினி கிடக்கும். அதனால்தான் கால் விரல், பிறகு கை விரல். சாக்ஸும் கிளவுஸும் போட்டதுபோல மரப்பு ஏறுவது இதன் அடையாளம்.

கூடவே, நரம்பு செல்லுக்கு சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவும் அடிபடுகிறது. அங்கே உருவாகும் சில மூலக்கூறுகள் பக்கத்தில் இருப்பதையெல்லாம் அரிக்கின்றன. இதைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறார்கள். மகன் பார்த்த வீடியோ இந்த இடம் வரை பொய் சொல்லவில்லை. எலிகளிடம் செய்த சோதனைகளில் ஆன்டிஆக்ஸிடன்ட்கள் நல்ல பலனும் தந்தன. மனிதர்களிடம் முதலில் நடந்த சின்னச் சோதனைகளும் அப்படியே. இத்தாலியில் 2003இல் வெளியான ஓர் ஆய்வில், சிஸ்பிளாட்டின் என்ற மருந்தோடு வைட்டமின் ஈ சேர்த்துக்கொண்டவர்களில் சுமார் 31 சதவிகிதம் பேருக்குத்தான் நரம்புப் பாதிப்பு; சேர்க்காதவர்களில் 86 சதவிகிதம். அடேயப்பா என்று தோன்றும். ஆனால், கணக்கில் வந்தவர்கள் மொத்தமே 27 பேர்.

பெரிய சோதனை வந்தபோது படம் மாறிவிட்டது. அமெரிக்காவில் 207 பேரிடம் வைட்டமின் ஈ-யைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 2011இல் முடிவு வந்தது. வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களில் 34 சதவிகிதம் பேருக்கு நரம்புப் பாதிப்பு, வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 29 சதவிகிதம். பலன் இல்லை. ஆல்ஃபா லிப்போயிக் ஆசிடை 243 பேரிடம், தினம் மூன்று வேளை 600 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2014இல் வெளியானது. அதிலும் வித்தியாசம் இல்லை. கடைசி வரை நீடித்தவர்கள் 70 பேர்தான் என்பதும் ஒரு சேதி. கீமோ நடுவில் இத்தனை மாத்திரையை விழுங்குவதே பெரும்பாடு.

மூன்றாவது டப்பாதான் கவலைக்குரியது. அசிட்டைல் எல்-கார்னிடினை, பொம்மைக்காரம்மாவைப் போலவே மார்பகப் புற்றுநோய்க்கு பாக்ளிடாக்சல் வகை மருந்து எடுத்துக்கொண்ட 409 பெண்களிடம் சோதித்தார்கள். தினம் 3,000 மில்லிகிராம், 24 வாரம். 2013இல் வந்த முடிவைப் பார்த்து ஆய்வு செய்தவர்களே அதிர்ந்திருக்க வேண்டும். 12ஆவது வாரத்தில் பலன் இல்லை. 24ஆவது வாரத்தில், மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மரப்பு அதிகமாகவே இருந்தது. சாப்பிடாதவர்களைவிட மோசம்! அவர்களை இரண்டு வருடம் வரை தொடர்ந்து கவனித்தார்கள். அந்த வித்தியாசம் அப்போதும் மறையவில்லை. நரம்பைக் காப்பாற்றும் என்று கடையில் விற்கும் பொருள், அதே நரம்பைக் கூடுதலாகப் பாதித்திருக்கிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

இந்த ஆய்வுகளையெல்லாம் அலசிய அமெரிக்கன் சொசைட்டி ஆஃப் கிளினிக்கல் ஆன்காலஜி என்ற மருத்துவர்கள் அமைப்பு, 2014இலும் மறுபடி 2020இலும் வழிகாட்டுதல் வெளியிட்டது. கீமோவால் வரும் நரம்புப் பாதிப்பைத் தடுக்க எந்த மாத்திரையையும் அது பரிந்துரைக்கவில்லை. அசிட்டைல் எல்-கார்னிடினைக் கொடுக்கக் கூடாது என்றே சொல்லியிருக்கிறது.

கருவேப்பிலங்குறிச்சி வீட்டில் இது எதுவும் யாருக்கும் தெரியாது. மருமகளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பத்தாவது ஊசிக்குக் கிளம்பும் அன்று காலையில் மாமியார் கையிலிருந்து காபி டம்ளர் நழுவி விழுந்தது. சூடான காபி காலில் கொட்டியும் அவர் "ஸ்" என்றுகூடச் சொல்லவில்லை. குனிந்து பார்த்த பிறகுதான் கால் சிவந்திருப்பது தெரிந்தது. மருமகள் ஒன்றும் பேசவில்லை. மூன்று டப்பாவையும் மெடிக்கல் அட்டையையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

"ஏதாவது தொந்தரவு இருக்காம்மா?"

"ஒண்ணுமில்ல சா..."

"இருக்கு சார். அத்தை சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன்" என்று பையை மேஜையில் கவிழ்த்தார் மருமகள்.

டாக்டர் திட்டவில்லை. ஒவ்வொரு டப்பாவாகப் படித்தார். அசிட்டைல் எல்-கார்னிடினைத் தனியாக எடுத்து வைத்து, "இத இன்னையோட நிறுத்திடுங்கம்மா. மத்த ரெண்டும் வேணாம்" என்றார். பிறகு செய்ததுதான் முக்கியம். கண்ணை மூடச் சொல்லி விரல் நுனியில் பஞ்சால் தொட்டார். சட்டைப் பொத்தானைப் போட்டுக் காட்டச் சொன்னார். கோட்டின் மேல் நடக்கச் சொன்னார். ரத்தத்தில் சர்க்கரையும் பி12-ம் பார்க்க எழுதினார். அன்றைய ஊசியை ஒரு வாரம் தள்ளிவைத்து, அடுத்ததில் அளவைக் குறைத்தார்.

"அளவு கொறைச்சா வியாதி திரும்பாதா சார்?" என்று அம்மா கேட்டேவிட்டார். இத்தனை வாரமாக நெஞ்சில் கிடந்த கேள்வி.

"பன்னெண்டுல ஒம்பது ஊசி முழுசா போட்டாச்சும்மா. தேவைப்பட்டா கொறைக்கிறதும் வைத்தியத்துல ஒரு பகுதிதான். நாலாவது வாரமே சொல்லியிருந்தா இன்னும் முன்னாடியே பார்த்திருப்போம்."

மரப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்தால், மருந்தைத் தள்ளிவைக்கலாம், குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். மருத்துவர் கையில் இருக்கும் உறுதியான ஆயுதம் இன்றைக்கு இதுதான். அதை அவர் எடுக்க வேண்டுமென்றால் நோயாளி வாயைத் திறந்தாக வேண்டும். அந்தச் சத்து மாத்திரைகள் செய்த பெரிய கெடுதல், அவற்றுக்குள் இருந்த ரசாயனத்தைவிட, மூன்று வாரம் அவரைப் பேசவிடாமல் வைத்திருந்ததுதான்.

மெடிக்கல் அட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊரில் கை, கால் மரக்கிறது என்றாலே மீத்தைல்கோபாலமினும் ஆல்ஃபா லிப்போயிக் ஆசிடும் கலந்த மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். சர்க்கரை நோயாளிகளின் நரம்புப் பாதிப்புக்கு எழுதித் தரும் பழக்கத்திலிருந்து வந்தது இது. மீத்தைல்கோபாலமின் என்பது பி12 வைட்டமின். ரத்தப் பரிசோதனையில் பி12 குறைவு என்று வந்தால் அதைச் சரிசெய்தே ஆக வேண்டும். ஏனென்றால், அந்தக் குறைவே விரலை மரக்கவைக்கும். குறைவு இல்லாதவர்கள் கீமோ நடுவில் தாங்களாக விழுங்குவது வேறு விஷயம். அமெரிக்காவில் 1,134 மார்பகப் புற்றுநோயாளிகளிடம் என்னென்ன சத்து மாத்திரை சாப்பிட்டார்கள் என்று கேட்டு, பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. கீமோவுக்கு முன்பும் கீமோவின்போதும் பி12 எடுத்தவர்களிடம் நோய் திரும்புவதும் இறப்பும் கூடுதலாக இருந்தன. ஆன்டிஆக்ஸிடன்ட் எடுத்தவர்களிடமும் நோய் திரும்பும் போக்கு சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. மாத்திரைதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது; சாப்பிட்டவர்கள் எண்ணிக்கை குறைவு. ஆனால், 'சாப்பிட்டுத்தான் பார்ப்போமே, என்ன கெட்டுப்போகப்போகுது' என்ற பேச்சுக்கு இது பதில். கீமோ மருந்துகளில் சில, ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டித்தான் புற்றுநோய் செல்லையும் அடிக்கின்றன. கேடயம் யாருக்குப் போய்ச் சேரும் என்பது மாத்திரைக்குத் தெரியாது.

"ரசாயன மாத்திரைதானே கெடுதல், நம்ம இலை, வேர் என்ன செய்யும்?" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேட்டார். ஊர்ப் பெயரிலேயே கருவேப்பிலை இருக்கும் இடத்தில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். குழம்பில் போடும் கருவேப்பிலை, ரசத்தில் போடும் மஞ்சள், நெல்லிக்காய் ஊறுகாய் இவற்றையெல்லாம் வழக்கம்போலச் சாப்பிடலாம். ஒரு கைப்பிடி இலையை அரைத்துத் தினம் வெறும் வயிற்றில் குடிப்பதும், மஞ்சள் சாற்றை ஆயிரம் மில்லிகிராம் கேப்சூலாக அடைத்து விழுங்குவதும் சாப்பாடு கணக்கில் வராது. அவற்றையும் மருத்துவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இயற்கை என்றால் நரம்புக்குத் தீங்கில்லை என்பதும் சரியில்லை. விரலை மரக்கவைத்த பாக்ளிடாக்சலே முதலில் பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கப்பட்டதுதான். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டின், நம் சுடுகாட்டோரம் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வருகிறது. எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றிய மருந்து. நரம்பை மரக்கவைப்பதில் அதுவும் பெயர்பெற்றது.

அம்மாவுக்கு பி12 சரியாகவே இருந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. 12 ஊசியும் முடிந்தன, கடைசி மூன்று குறைந்த அளவில். அதன் பிறகு ராத்திரியில் உள்ளங்கால் எரிச்சல் தூங்கவிடாமல் செய்தது. அதற்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது டியூலாக்செடின். மனச்சோர்வுக்கான மாத்திரை என்று மெடிக்கல் கடைக்காரர் சொல்ல, "எனக்கென்ன பைத்தியமா?" என்று அம்மா முகம் சுருங்கிவிட்டது. கீமோவால் வந்த நரம்பு வலிக்கு சோதனையில் தேறிய மாத்திரை இன்று வரை இது ஒன்றுதான். 231 பேரிடம் செய்த ஆய்வில், டியூலாக்செடின் எடுத்தவர்களில் 59 சதவிகிதம் பேர் வலி குறைந்ததாகச் சொன்னார்கள். வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 38 சதவிகிதம். வலியைக் குறைக்கும், மரப்பை எடுத்துவிடாது. எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது, தானாக வாங்கவும் கூடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது. மருமகள் இதை டாக்டரிடம் மறுபடி கேட்டு வந்து சொன்ன பிறகுதான் அம்மா விழுங்கினார்.

இப்போது கீமோ தொடங்குகிறவர்கள் கேட்டுப் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மருந்து ஏறும் நேரத்தில் கை, காலைக் குளிரவைப்பது. குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும், விரல் நுனிக்குப் போகும் மருந்தின் அளவு குறையும் என்பது கணக்கு. ஜப்பானில் கியோட்டோவில், பாக்ளிடாக்சல் எடுத்த பெண்களுக்கு ஒரு பக்கக் கை, காலில் மட்டும் உறைந்த கிளவுஸும் சாக்ஸும் போட்டுப் பார்த்தார்கள். 36 பேரின் முடிவு 2018இல் வெளியானது. குளிரவைத்த கையில் 28 சதவிகிதம் பேருக்குத் தொடு உணர்வு குறைந்தது, மறு கையில் 81 சதவிகிதம் பேருக்கு. இதுவும் சின்ன ஆய்வுதான். வைட்டமின் ஈ கதையை இப்போதுதான் பார்த்தோம் என்பதால் துள்ளிக் குதிக்க வேண்டாம். 2020 வழிகாட்டுதலும் 'இன்னும் சான்று வேண்டும்' என்றே சொல்கிறது. ஆஸ்பத்திரியில் கேட்கலாம், வீட்டிலிருந்து ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்த் தோலைப் புண்ணாக்கிக்கொள்ளக் கூடாது. ஆக்ஸாலிபிளாட்டின் போடுகிறவர்கள் குளிர்ச்சிப் பக்கமே போகக் கூடாது. ஃபிரிட்ஜ் தண்ணீரைத் தொட்டாலே அவர்களுக்கு ஷாக் அடித்ததுபோல இருக்கும்.

எட்டு மாதம் ஆகிறது. கை விரல்களில் பாதிக்கு மேல் உணர்வு திரும்பிவிட்டது. ஜாக்கெட் கொக்கி போடுகிறார், பூ கட்டுகிறார். முன்னைப்போல வேகம் இல்லை. பட்டறையில் கத்தி வேலைக்குக் கூப்பிடவில்லை, அவரும் கேட்கவில்லை. சுட்டு எடுத்த விளக்குகளை எண்ணி அட்டைப்பெட்டியில் அடுக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். சம்பளம் குறைவு. கால் இன்னும் மரப்புதான். சிலருக்கு ஒரு வருடத்தில் முழுசாகத் திரும்பும், சிலருக்குக் கொஞ்சம் நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வாளித் தண்ணீரின் சூட்டை முழங்கையால் தொட்டுப் பார்த்துக் குளிக்கிறார். ராத்திரி படுக்கும் முன் மருமகள் அவர் பாதத்தைத் திருப்பி, முள்ளோ கொப்புளமோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறார். "ஐயோ வுடு, என் காலப் போயி" என்று முதலில் கூசிப்போனவர், இப்போது தானே நீட்டுகிறார்.

மகனிடம் விஷயத்தைச் சொல்வதுதான் வீட்டில் பெரிய பேச்சாக இருந்தது. அனுப்பியது ஆகவில்லை என்று தெரிந்தால் பிள்ளை மனசு கஷ்டப்படும் என்று அம்மா தடுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் மருமகள்தான் சொன்னார். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அப்ப அம்மாவுக்கு என்னதான் அனுப்பட்டும்?" என்று கேட்டான்.

"பின்னாடி பட்டி வச்ச செருப்பு ஒரு ஜோடி வாங்கி அனுப்புங்க. மெத்துன்னு இருக்கணும், காலை விட்டுக் கழலக் கூடாது. அத்தைக்கு ஏழாம் நம்பர்."